கயிற்றோடு விட்டுப்போன மாடு

எங்கள் தோப்புக்கு மாட்டைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் எல்லோரும் கடைசியாக ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். குனிந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்ப்பார்கள். அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, எங்கள் பக்கத்தில் மாட்டோடு கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுமாம். பத்து வருஷம் பால் கொடுத்த மாடு போகலாம், நாலு முழக் கயிறு போகக் கூடாது. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் கயிற்றை அவிழ்த்துவிட்டால் விவகாரம் முடிந்தது என்பது மட்டும் விளங்கியது. அந்த மாடு இனி அவர்களுடையது இல்லை. நாங்கள் வேறு வீடு பார்த்து அனுப்பலாம்.

கும்மிடிப்பூண்டிக்கும் கவரப்பேட்டைக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய மாந்தோப்பு அது. தோப்புக்கார அம்மாவுக்கு, டாக்டராக இருந்து காலமான அவர் கணவர் விட்டுப்போன சொத்து. அந்த அம்மா அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டணத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். அவரோ கழுத்தில் நுகத்தடிப் புண்ணோடு வந்த எருது, கண் போன ஜட்கா குதிரை, லாரியில் அடிபட்ட நாய், மூட்டை சுமந்து முதுகு கூனிய கழுதை என்று கொண்டுவந்து நிரப்பினார். தேறியதற்கு வீடு பார்த்து அனுப்புவார், தேறாததைக் கடைசிவரை வைத்துக்கொள்வார். பட்டணத்துச் சிநேகிதர்கள் சிலர் கைகொடுத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் 'பைத்தியக்காரத் தோப்பு' என்றார்கள். பிறகு அவர்களே தங்கள் கிழட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் இந்த மாட்டின் கதை விளங்காது. அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு மீஞ்சூர் பக்கம், நெல் விளையும் நிலம் வைத்திருந்த குடும்பம். ஆடி பிறந்ததும் முறைப்படி அண்ணன் வந்து என்னை மணவாள நகருக்கு அழைத்துக்கொண்டு போனார். புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டில் வைத்திருப்பதும், மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து கூட்டிப்போவதும்தான் வழக்கம். என் வீட்டுக்காரர் பஸ் நிற்கிற இடம்வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "ஆடி முடிஞ்சதும் நானே வந்து இட்டுக்கினு போறேன்" என்றார்.

ஆடி முடிந்தது. ஆவணியும் முடிந்தது. அண்ணன் போய்க் கேட்டதற்கு, பையன் வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். தீபாவளிக்கும் அதே பதில், பொங்கலுக்கும் அதே பதில். பிறகு நெல்லூர் பக்கம் அவருக்கு வேறு குடும்பம் இருப்பதாக யாரோ சொன்னார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். என் முகத்துக்கு நேரே வந்து 'நீ வேண்டாம்' என்று ஒருவரும் சொல்லவில்லை. தெருவில் எனக்கு வாழாவெட்டி என்று பேர் ஆயிற்று. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் என் முன்னால் சோற்றுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே ஒரு பேச்சு இருந்தது. பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பதை மட்டும் நான் விடவில்லை.

அண்ணியின் உறவுக்காரர் ஒருவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்தார். தோப்பில் தங்கிச் சமைக்க ஒரு பொம்பளை வேண்டுமாம் என்று அவர்தான் சொன்னார். யாருக்குச் சமைக்க என்று அவர் சொல்லவில்லை. பெரியபாளையத்தில் பஸ் மாறி, அதே கல்யாணப் பெட்டியோடு போய் இறங்கினேன். தோப்புக்கார அம்மா ஒரு நாயின் காதில் புழு எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "சமைக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்மா."

"நாய்க்கஞ்சிக்கு உப்பு போடக் கூடாது. அது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இப்போ தெரிஞ்சுடுச்சு. அந்த வேப்பெண்ணெயை எடு."

அவ்வளவுதான் பேட்டி. ஏன் வந்தாய், வீட்டுக்காரர் எங்கே, கழுத்தில் தாலி இருக்கிறதே, ஏன் தனியாகத் தங்கப்போகிறாய் என்று எதுவும் கேட்கவில்லை. திருவள்ளூரில் வளையல் வாங்கப் போனால்கூட இந்தக் கேள்விகள் வரும். இங்கே வராதது எனக்கு விநோதமாக இருந்தது. அது தோப்பின் சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை, நல்ல கறவை மாட்டை விட வந்த ஓர் ஆளிடம் நான் வாய் கொடுத்துவிட்டேன். "ஏன்யா, கை கால் நல்லா இருக்கிற மாட்ட எதுக்கு உட்றே?" என்றேன். அன்றைக்குத்தான் அம்மா என்னிடம் குரலை உயர்த்தினார்.

"விட வர்றவங்களை ஏன்னு கேட்காதே. ஏன்னு கேட்டா அடுத்தவன் இங்கே கொண்டுவர மாட்டான். ரோட்டுல விட்டுட்டுப் போயிடுவான். அவன் வெட்கத்தைப் பார்க்கிறது நம்ம வேலை இல்லை."

கொண்டுபோக வருகிறவர்களிடம் மட்டும் குடைந்து குடைந்து கேட்போம். அவர்கள் வீட்டுக்கு நாங்களே பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம். அம்மா முதலில் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியை. தொட்டியில் பாசி இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார். மாட்டைக் கொண்டுபோக வருகிறவர் சொந்தமாகக் கயிறு கொண்டுவர வேண்டும், அது புதுக்கயிறாக இருக்க வேண்டும். கயிறே இல்லாமல் லாரியோடு வருகிறவன் வளர்க்க வந்தவன் இல்லை, அடிமாட்டுக்கு வந்தவன். மீஞ்சூரிலிருந்து பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஒருவர் வந்து, கோயிலுக்கு மாடு வேண்டும் என்று அழகாகப் பேசினார். கயிறு எங்கே என்றேன். லாரியில் இருக்கிறது என்றார். எட்டிப் பார்த்தால் ரத்தக் கறை படிந்த கயிறுகள் ஒரு கட்டு. எனக்கு வந்த கோபத்தில் கஞ்சிக் கரண்டியோடு ரோடுவரை துரத்திக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ஊரில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

பகலெல்லாம் இப்படி ஓடிவிடும். நொய்க் கஞ்சி காய்ச்சுவது, வேப்பிலை போட்டு வெந்நீர் வைப்பது, புண் கழுவுவது, தவிடும் புண்ணாக்கும் கலப்பது. மாட்டைப் பார்த்துக்கொள்ள உள்ளூரிலிருந்து ஒரு அண்ணன் வருவார். பொழுது சாய்ந்ததும் அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அம்மா வாரத்தில் சில நாள் காலை பாசஞ்சரில் வந்து சாயங்கால பாசஞ்சரில் திரும்பிவிடுவார். அந்த ரயில் போன பிறகு பேச ஆள் கிடையாது. தோப்பில் அத்தனை உயிர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், எனக்கு மட்டும் பேச்சு இருக்காது. சில சமயம் என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் குதிரையைத் திட்டுவேன். அது கண் தெரியாத தலையை என் பக்கம் திருப்பும். எனக்கு அழுகை வரும். தனியாக இருந்தேன், அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

எழுபதுகளில் பாதி கழிந்த பிறகு கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று நிலத்தை அளக்க ஆரம்பித்தார்கள். கல் நட்டார்கள், கம்பி கட்டினார்கள். பயிர் வைத்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மாட்டைக் கட்ட இடம் இல்லாமல் போனவர்கள் எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். கக்கத்தில் கயிற்றோடு போனவர்கள் எத்தனையோ பேர். அந்த வைகாசி வெயிலில் வந்தவர் மட்டும் வேறு மாதிரி செய்தார்.

நாற்பது வயதுக்காரர். ஏரிக்குக் கீழே நஞ்சை வைத்திருந்தவர். செவலைப் பசு, ஒரு கொம்பு மடங்கியது. மாமரத்தடியில் கொண்டுபோய்க் கட்டினார், நெற்றியைத் தடவினார், கேட்டைப் பார்த்து நடந்தார். எங்கள் மாட்டுக்கார அண்ணன் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, கவுத்த மறந்துட்டுப் போறியே!"

அவர் திரும்பினார். "மறக்கல. பட்டணத்துல மச்சான் ஊட்டாண்ட போறோம். ஒண்ட ஒரு எடம் புட்சிட்டு வந்து ஓட்டிக்கினு போயிடுவேன். அதான் கவுறு அதுங்கிட்டயே இருக்கட்டும்னு." பிறகு என்னைப் பார்த்து, "நானே வந்து ஓட்டிக்கினு போறேன் யம்மா" என்றார்.

அந்த வார்த்தை என்னை எங்கே போய்க் குத்தியது என்று சொல்ல வேண்டியதில்லை.

கயிறு அவரே கற்றாழை நாரில் திரித்தது. வழுக்காமல் இருக்க முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு நீலத் துணிக் கிழிசலைச் சேர்த்துக் கட்டியிருந்தார். சொந்தக்காரர் கயிற்றோடு இருக்கிற மாட்டை வேறு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. அது ஆள் இருக்கிற மாடு. அதுவரைக்கும் அப்படி ஒரு மாடு எங்களுக்கு வந்ததே இல்லை.

"வரமாட்டான் தங்கச்சி" என்றார் மாட்டுக்கார அண்ணன், வந்தவர் தலை மறைவதற்குள்ளேயே. "பட்டணத்துக்குப் போனவன் ஒரு மாட்டுக்காவா திரும்பி வருவான்?"

"வருவாரு."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"வருவாருன்னு சொன்னா வருவாரு. நீ போய்த் தவிட்டக் கரை." அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

செவலை முதல் சில நாள் சரியாகத் தின்னவில்லை. பிறகு தின்ன ஆரம்பித்தது. ஆனால் சாயங்காலம் ரோட்டில் பஸ் நின்று புறப்படும் சத்தம் கேட்டால், அசைபோடுவதை நிறுத்திவிட்டு கேட்டுப் பக்கம் தலையைத் தூக்கும். நானும் கஞ்சி அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவேன். யாரும் வராத பிறகு இரண்டு பேரும் விட்ட வேலையைத் தொடருவோம். ஆடி வந்தது, போனது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வைக்கோலுக்கு ஊர் ஊராக அலைந்தோம். வருகிற மாடுகளுக்கு இடம் இல்லை. செவலையின் சொந்தக்காரரைப் பற்றி அம்மா பட்டணத்தில் தெரிந்தவர்களிடம் விசாரித்துப் பார்த்தார். வியாசர்பாடி பக்கம் என்றார்கள், அங்கே இல்லை என்றார்கள். ஆள் தட்டுப்படவில்லை.

தை வந்தது. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கார அண்ணனைப் பிடிக்க முடியாது. எல்லா மாட்டையும் ஏரியில் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி அழைத்து வந்திருந்தார். நான் அடுப்படியில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தேன். சட்டியோடு வெளியே வந்து பார்த்தால், வரிசையாக எல்லா மாட்டுக்கும் பளபளவென்று புதுக்கயிறு. செவலைக்கும் புதுக்கயிறு. பொங்கலுக்குப் பழைய கயிற்றைக் கழற்றிப் புதுசு போடுவது ஊர் வழக்கம். அதை அவர் குறையில்லாமல் செய்திருக்கிறார்.

நான் கத்திய கத்தலில் குதிரை கட்டுத்தறியைப் பிடுங்கப் பார்த்தது. "யாரக் கேட்டுய்யா அவுத்தே? அது ஆள் இருக்கிற மாடு! கவுத்து மேல கை வைக்க நீ யாரு?"

"இன்னா தங்கச்சி இது! நல்ல நாளும் அதுவுமா பழங்கவுத்தோட நிக்குமா மாடு? ஊர்க்காரன் பாத்தா சிரிக்க மாட்டானா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். எங்க போட்டே அத?"

எருக்குழியோரம் பழைய கயிறுகளெல்லாம் குவிந்து கிடந்தன. புதுச்சேலையோடு அதில் இறங்கித் தேடினேன். சாணி படிந்த நீலத் துணிக் கிழிசல்தான் காட்டிக்கொடுத்தது. கிணற்றடியில் கசக்கிக் கொண்டுவந்து, புதுக்கயிற்றை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டினேன். சொந்தக்காரர் போட்ட மாதிரி முடிச்சு எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டேன். வர்ணம் பூசிய கொம்பும் கழுத்தில் ஈரப் பழங்கயிறுமாகச் செவலை நின்றது. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

மாட்டுக்கார அண்ணன் பொங்கலைத் தொடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "உனக்கு இன்னா ஆச்சு தங்கச்சி?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே கேட்டார். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கத்தல் மாட்டுக்காக இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் பொங்கலைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, உப்பு பற்றவில்லை, நாய்க்குச் சமைத்துச் சமைத்துக் கை கெட்டுவிட்டது என்றார்.

மாசியில் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். கரும்பு போட்டிருந்தார்கள். சாதுவான பசு ஒன்று வேண்டும், பால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் மாடு இல்லாமல் நன்றாக இல்லை என்றார் அந்தப் பெண். கையில் மஞ்சள் தடவிய புதுக்கயிறு. தோப்பு முழுக்கச் சுற்றிவிட்டுச் செவலை முன்னால் போய் நின்றார். அது அவர் கையை நக்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது இல்ல. அது ஆள் இருக்கிற மாடு" என்றேன்.

"எப்போ வருவாங்கக்கா?"

"வருவாங்க."

அவர் புருஷன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சித்திரை பிறந்ததும் வருகிறோம், அதுவரைக்கும் பாருங்கள் என்று சொல்லிப் பெண்டாட்டியை அழைத்துப் போனார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன் என்னை உட்காரச் சொன்னார்.

"மாடு நல்ல இடத்துல இருக்கிறது முக்கியமா, நாம காத்திருந்தோம்கிறது முக்கியமா?"

"ரெண்டும்தாம்மா."

"ரெண்டும் முடியாதப்போ?"

நான் தரையில் சிந்திக் கிடந்த வைக்கோலைப் பொறுக்கினேன்.

"முதல்ல அந்த வீட்டைப் போய்ப் பார்ப்போம். சித்திரைக்கு அவங்க வர்றதுக்குள்ள இந்த மனுஷன் வரலேன்னா, அனுப்பிடலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபித்தால் நானும் கோபித்திருக்கலாம்.

பங்குனியில் பள்ளிப்பட்டுக்குப் போனோம். குறை கண்டுபிடிப்பதற்கென்றே போனேன் என்பதை மறைப்பானேன். கொட்டகையைக் குனிந்து பார்த்தேன், உலர்ந்த தரை. தீனியை முகர்ந்து பார்த்தேன், பூஞ்சை இல்லை. வேப்பமரத்தடியில் தொட்டி, விளிம்புவரை தண்ணீர், அடித்தரை தெரிந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் தாலியைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரர் இன்னா பண்றாருக்கா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"வெளியூர்ல வேலை" என்றேன். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில். என் புகுந்த வீட்டார் என் அண்ணனிடம் சொன்ன அதே பதில். மோரைக் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டேன்.

சித்திரை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம் நாய்களுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். செவலை கூப்பிட்டது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாயங்கால பஸ் நேரம்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் கேட்டில் அவர் நிற்கிறார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில் ஒரு துணிப்பை.

இந்த மனுஷன் வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் மாதக்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஏன் என்று கேட்கக் கூடாது என்ற சட்டமெல்லாம் பறந்துவிட்டது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு? ஒரு ஆடி போயி, ஒரு பொங்கலும் போயிடுச்சு. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூட ஆளு கெடைக்கலியா? அது தெனம் கேட்டையே பாத்துக்கினு நின்னுது, தெரியுமா?"

அவர் பையிலிருந்து வாழைப்பழங்களை எடுத்துச் செவலைக்குத் தோலோடு ஊட்டினார். அது அவர் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டது. முடிச்சில் கை பட்டதும் நின்று பார்த்தார்.

"இது என் முடிச்சு இல்லியே."

"பொங்கலுக்கு அவுத்துட்டாங்க. நான்தான் திருப்பிக் கட்டுனேன்" என்றேன். என் குரல் இறங்கிவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் அந்த முடிச்சையே தடவிக்கொண்டிருந்தார். "பேஜாராப் போச்சு யம்மா. மச்சான் ஊட்ல ஒரே அறை. இப்ப மூட்ட தூக்கற எடத்துல ஒண்டிக்கினு இருக்கோம். நாங்களே கால நீட்டிப் படுக்க முடியல. இதக் கட்ட எடம் கெடைக்கும், கெடைக்கும்னு இருந்தேன். இனிமே கெடைக்காது."

"அப்ப ஓட்டிக்கினு போக வரலியா?"

"இல்ல யம்மா. கவுத்த எடுத்துக்கினு போவ வந்தேன்."

எனக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி நின்றேன். அவரே சொன்னார்.

"வரேன்னு சொல்லிட்டுப் போனேன். சொல்லாம உட்டுட்டா அதுவும் காத்துக்கினு கெடக்கும், நீங்களும் வேற ஊட்டுக்கு அனுப்பாம காத்துக்கினு கெடப்பீங்க. முடியலன்னா முடியலன்னு நேர்ல வந்து சொல்லணும் இல்ல? அதுக்கோசரம்தான் லீவு சொல்லிட்டு வந்தேன்."

குனிந்து கயிற்றை அவிழ்த்தார். என் முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இளக்க வேண்டியிருந்தது. கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுருட்டிப் பையில் வைத்தார். மாட்டின் காதருகே ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நல்ல இடமாகப் பார்த்து அனுப்புங்கள் என்று என்னிடம் சொன்னார். பள்ளிப்பட்டு என்றேன். கரும்பு, வேப்பமரம், அடித்தரை தெரிகிற தொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நான் குறை தேடிப் போன வீட்டைப் பற்றி அப்படிப் புகழ்ந்து பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். போகும்போது மற்றவர்களைப் போல விறுவிறுவென்று போகவில்லை. கேட்டில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

செவலை வெறுங்கழுத்தோடு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மரத்தடியில் படுத்து அசைபோட ஆரம்பித்தது. சாயங்காலம் பஸ் வந்து நின்றது, புறப்பட்டது. அது தலையைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

எனக்கு அந்த மாட்டின் மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. ஒன்றுமில்லாத ஒரு மனுஷன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, ஒரு பசுவிடம் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மீஞ்சூரிலிருந்து மணவாள நகர் எவ்வளவு தூரம்? என் கழுத்தில் கட்டியதைத் தொட்டு, முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் கால் வரவில்லை. கட்டினவரும் வரவில்லை, கூட நின்று அட்சதை போட்டவர்களும் வரவில்லை. இத்தனை வருஷமும் நான் காத்திருந்தது அவர் கூட்டிப்போவார் என்று இல்லை. அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. வேண்டாம் என்று சொல்வதற்காவது வருவார் என்றுதான் காத்திருந்தேன். அதற்கும் அவர் வரப்போவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இருட்டுவதற்கு முன்னால் ஏரிக்குப் போனேன். மழை பொய்த்த ஏரி, நடுவில் மட்டும் தண்ணீர். முழங்கால்வரை சேற்றில் இறங்கி நடந்து, மஞ்சள் சரட்டைத் தலைவழியாகக் கழற்றினேன். முடிச்சை அவிழ்த்து, தங்கத்தை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். சரட்டைத் தண்ணீரில் விட்டேன். அது உடனே முழுகவில்லை. அது ஊறி முழுகுகிறவரைக்கும் நின்றேன். ஒருவரும் வந்து அவிழ்க்காததை நானே அவிழ்த்துக்கொண்டேன். திரும்பி வரும்போது சத்தமாக அழுதேன், கேட்க ஆள் இல்லாத இடம்தானே.

மறுநாள் காலை பாசஞ்சரில் அம்மா வந்தார். செவலையின் வெறுங்கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். வந்தாரா என்றார். வந்து கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். அம்மா தலையாட்டினார். பள்ளிப்பட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடுவோம் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அவர் பார்வை என் கழுத்தில் வந்து நின்றது. அந்தக் காலத்தில், புருஷன் உயிரோடு இருக்கிற ஒருத்தி அப்படி நின்றால் பெற்ற தாய்கூட வாயில் அடித்துக்கொள்வாள். அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விட வருகிறவர்களை அவர் ஏன் என்று கேட்டதே இல்லை. என்னையும் கேட்கவில்லை.

"நாய்ங்க கத்துது பார்" என்றார். "கஞ்சி இறக்கியாச்சா?"

"இறக்கியாச்சும்மா" என்றேன்.